வெறும் துவக்கு

தம்பி,

துவக்கைப் பொலிசில் கொடுத்துவிட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அனுப்புகிற எதையும் முதல் வரியோடு நிறுத்திவிட்டு 'ஓகே அம்மா' என்று போடுகிறவன் நீ. இதற்கு அப்படிப் போட முடியாது. உனக்குக் கோபம் வரும். கோபத்தோடேயே வாசி, ஆனால் கடைசி வரைக்கும் வாசி. போனில் சொல்லத்தான் நினைத்தேன். உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு கிழமை போய்விட்டது. நீ "என்னம்மா, சுகமில்லையோ?" என்று கேட்பாய், நான் "ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்று சொல்லி முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். கீழே தெருவில் வாகனம் ஏதாவது நின்றால் பேனாவை வைத்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். இனி யாரும் வரமாட்டார்கள் என்று உன் கூட்டாளி றிஸ்வான் சொல்லிவிட்டான். இருந்தாலும் பார்க்கிறேன்.

வெள்ளவத்தை வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்களிடம் கொடுக்க முன்னர் நீயும் மருமகள் வாணியும் மெல்பேர்னில் இருந்து லீவு போட்டு வந்து ஒதுக்கித் தந்தீர்களே, அந்த உதவியை நான் மறக்கவில்லை. நான் ஒருத்தியாக என்றால் இன்னும் பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் குளியலறைக்கு மேலே நீ ஏறப்போகிறாய் என்று ஏணியை எடுத்தபோதே நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். "அதுக்கு மேல ஒண்டும் இல்லை, விடு" என்றேன். நீ சீலிங் பலகையைக் கழற்றிவிட்டாய். பொலித்தீனும் பழைய வேட்டியும் சுற்றிய அந்த நீளப் பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் ஒட்டறையோடு, பரிசு கிடைத்தவன் மாதிரி இறங்கி வந்தாய்.

"அம்மா, இது என்னது?"

"அப்பப்பான்ர துவக்கு. கீழ வை. முதல்ல கதவைச் சாத்து."

நீ கதவைச் சாத்தவில்லை. சிரித்தாய்.

உனக்கு அப்படி ஒன்று வீட்டில் இருந்ததே தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுவாய் என்று சொல்லவில்லை, பிறகு சொல்லாமலே இருந்து பழகிவிட்டது. உன் அப்பப்பா வன்னியில் நில அளவையாளராக இருந்தவர். காட்டுக்குள் கூடாரமடித்து வேலை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மேலதிகாரியிடம் அந்த றைபிளை வாங்கி, லைசன்ஸும் எடுத்து வைத்திருந்தார். ஒரு தரத்துக்கு ஒரு தோட்டாதான் அதில் போடலாம். பிடிமரம் வெடித்துவிட்டது, கொழும்பில் திருத்த வேண்டும் என்று எங்களிடம் கொண்டுவந்தவர், அப்படியே நோயில் விழுந்து எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார். லைசன்ஸ் அவருடைய பெயரில், துவக்கு எங்கள் அலுமாரியில். முப்பத்தொராம் நாள் அந்திரட்டி முடியட்டும், லீவு கிடைக்கட்டும், கொண்டுபோய்க் கொடுப்பம் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டிருக்க எண்பத்துமூன்றுக் கலவரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தமிழன் கையில் துவக்கோடு பொலிசுக்கு நடந்து போகிற காலமே வரவில்லை.

நீ அறிந்த அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ரேடியோ கேட்கிற, யாருக்கும் குரல் உயர்த்தாத மனிசன். நான் அறிந்தவர் சுற்றிவளைப்பு நாட்களில் குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறவர். வீடு வீடாகச் சோதித்து வருவார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வீட்டில் யார் யார், ஏன் இந்தப் பொடியன் வவுனியாவில் இருந்து வந்து நிற்கிறான், எல்லாம் கேட்பார்கள். ஒருமுறை ஒரு ஆமிக்காரன் கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் குளியலறைச் சீலிங்கைத் தட்டிப் பார்த்தான். தட்டிய இடத்துக்கு அடுத்த பலகைக்கு மேலே அது கிடந்தது. நீ அப்போது ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அவன் போன பிறகு அப்பாவின் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. "இஞ்சருங்கோ, இதைக் கழற்றித் துண்டு துண்டாக் கடலுக்குள்ள போடுவம்" என்று நான் கெஞ்சினேன். அவர் என்றைக்கும் பேசாத குரலில், "அதில நீர் கை வைக்கக்கூடாது. விளங்குதா? கை வைக்கக்கூடாது" என்றார். தகப்பனின் பொருள் மேலுள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். பிழை என்று எழுதவில்லை. ஒரு பாட்டனும் பேரனும் சந்திக்காமல் போன இடத்தில் கையில் பிடிக்க ஒரு பொருள் கிடைத்தால் யாருக்கும் ஆசை வரும். பின் விறாந்தையில் மேசையைப் போட்டு, காலி வீதிக் கடையில் துருப் போக்கும் எண்ணெயும் உப்புத்தாளும் உருக்குக் கம்பளியும் வாங்கி வந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தொடங்கினாய். கறுத்து மங்கிக் கிடந்த மரத்தில் நீ தேய்க்கத் தேய்க்க வால்நட்டின் நிறம் வந்தது. வெடித்த இடத்துக்குப் பசை வைத்துக் கயிறு சுற்றிக் காயவிட்டாய். குழாயின் மேல் துரு போய் ஒரு நீல நிறம் தெரிந்தபோது "பாருங்கோ அம்மா!" என்று கூப்பிட்டாய். நான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் உப்புத்தாள் உராய்கிற சத்தம் மட்டும்தான். பக்கத்து மாடியில் குடியிருப்பவர்களுக்கும் அது கேட்கும் என்று ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

ஒரே ஒரு பாகம்தான் உனக்குப் பிடிகொடுக்கவில்லை. தோட்டா போடுகிற வாயை மூடித் திறக்கிற இரும்புத் தண்டு. போல்ட் என்று சொன்னாய். அது துருவேறி மூடியபடியே இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தாய், மரச்சுத்தியலால் தட்டினாய், அசையவில்லை. அப்போது நீ என்னைக் கேட்டாய், நினைவிருக்கும்.

"அம்மா, உள்ளுக்க ஏதும் இருக்குமா?"

"இல்லை ராசா. வெறும் துவக்கு. அப்பா தோட்டாவெல்லாம் எப்பவோ எறிஞ்சிட்டார்."

அவ்வளவு உறுதியாக நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கலவரம் நடந்த அன்று பட்டப்பகலில் காலி வீதிப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. நீ என் வயிற்றில் இருந்தாய், வயிறு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கைத் தலைப்பில் இருந்த கடையை உடைக்கிற சத்தம் கேட்டதும் அப்பா முன்கதவைப் பூட்டி, அலுமாரியை இழுத்து அதற்கு அணை வைத்து, துவக்கோடு கதிரையில் இருந்தார். நான் அறை வாசலில் நின்று கேட்டேன்.

"உதுக்குள்ள குண்டு இருக்கோ?"

"இல்லையப்பா. சும்மா வெருட்டத்தான். தோட்டாப் பெட்டியை முந்தநாளே வாய்க்காலுக்குள்ள போட்டிட்டன். நீர் உள்ளுக்குப் போம்."

நான் உள்ளே போனேன். கூட்டம் எங்கள் கேற்றைப் பிடித்து உலுக்கியது. கல் வந்து யன்னல் கண்ணாடி உடைந்தது. பிறகு யாரோ தலைப்பில் இருந்து கூப்பிட, அவர்கள் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். பின்வீட்டுச் சிங்கள டொக்டரின் மனிசி மதிலுக்கு மேலால் எட்டி, "என்ட, என்ட, இக்மன் கரன்ட" என்று கையைக் காட்டினா. வாருங்கள், கெதியாக வாருங்கள் என்று. என்னை மதிலுக்கு மேல் ஏற்றிவிட்டு, அப்பா மட்டும் திரும்பி வீட்டுக்குள் ஓடினார். துவக்கைச் சீலிங்குக்கு மேல் வைத்துவிட்டு வந்தார் என்று பிறகு சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதை எடுத்து நான் பார்க்கவே இல்லை. குண்டு இல்லை என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை வருஷம் வைத்திருந்து உன்னிடம் தந்தேன்.

டெங்கு பார்க்க வந்த நாளையும் எழுத வேண்டும். நீ உள்ளே லப்டொப்பில் மீற்றிங்கில் இருந்தாய். வாணி கடைக்குப் போயிருந்தாள். சுகாதாரப் பரிசோதகரும் ஒரு பொலிஸ்காரனும் பெல் அடிக்காமலே கேற்றைத் திறந்து பக்கத்தால் பின்வளவுக்கு வந்துவிட்டார்கள். மேசையில் அது கிடக்கிறது. கொடியில் கிடந்த படுக்கை விரிப்பை ஈரத்தோடு இழுத்து மேலே போட்டேன். போட்ட கையை எடுக்க முடியவில்லை. பரிசோதகர் பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்க, பொலிஸ்காரன் வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி அந்த விரிப்பின் மேலேயே வைத்தான். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தான். உன்னைவிட வயது குறைவு. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன அம்மே, எண்ணெய் மணக்குது?" என்று சிங்களத்தில் கேட்டான். "மகன் கதிரைக்குப் பொலிஷ் போடுறார்" என்றேன். என் சிங்களம் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. ஒரு தட்டில் தண்ணி நின்றது என்று பரிசோதகர் என்னை எச்சரித்தார். பொலிஸ்காரன் தொப்பியை எடுத்தான். விரிப்பும் அதோடு கொஞ்சம் இழுபட்டது. அவன் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு நான் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நீ வெளியே வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாய். "அம்மா, யுத்தம் முடிஞ்சு எவ்வளவு காலம்? நீங்கள் இன்னும் அதுக்குள்ளயே இருக்கிறீங்கள். இது அன்ரிக். லோயரோட கதைச்சு லீகலா எடுப்பம்" என்றாய். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீ அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டாய். பிடிவாதம் இல்லை, தம்பி, விழுங்க முடியவில்லை. பயம் என்பது நாட்டில் ஒரு காலம் முடிந்ததும் தானாக எழும்பிப் போகிற விருந்தாளி இல்லை. அது என் கை கால் மாதிரி ஆகிவிட்டது. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: உனக்கு விளங்காத பயத்தோடு ஒருவர் உன் முன்னால் நின்றால், முதலில் சிரிக்காதே. அவர் பயப்படுகிற இடம் பிழையாக இருக்கலாம். பயம் பிழையாக இருக்க வேண்டும் என்றில்லை.

நீங்கள் பிளேன் ஏறின பிறகு அதை இந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிலை வந்தது. இங்கே மேலும் கீழும் ஆட்கள். ஒளிக்கச் சீலிங் கூட இல்லை. நான் உன்னோடு படித்த றிஸ்வானைக் கூப்பிட்டேன். பெரிய சட்டத்தரணியாகிவிட்டான், ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, லைசன்ஸ் இல்லாத துவக்கோட பிடிபட்டா பெயில் எடுக்கிறதே கஷ்டம். அவன் ஒஸ்ரேலியாவுல ஈக்கிறான். மாட்டுப்படுறது நீங்க" என்றான். தானாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவர்களை வழக்கில் மாட்டாமல் விடுவதற்கு வழி இருக்கிறதா என்று விசாரித்து, நிலையத்துப் பெரியவரோடு முன்கூட்டியே பேசி, ஒரு காலை தன் காரில் என்னை ஏற்றிப் போனான். பின் சீட்டில் அது, படுக்கை விரிப்பில் சுற்றியபடி. பம்பலப்பிட்டியில் ட்ரபிக் பொலிஸ் கையைக் காட்டி எங்களை மறித்தபோது கார்க் கதவின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பாதசாரிகள் கடப்பதற்காகத்தான் மறித்தான்.

நிலையத்தில் என்னைக் கதிரையில் இருத்தினார்கள். யாரும் அதட்டவில்லை. அதட்டாததும் எனக்குப் பயமாக இருந்தது. ஆயுத அறைக்குப் பொறுப்பான சார்ஜண்ட், ஓய்வு பெறுகிற வயது ஆள், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் அம்மே இதை இவ்வளவு வடிவாச் செய்தது?" என்று கேட்டார். "மகன்" என்றேன். தம்பி, அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. உன் எண்ணெயெல்லாம் அத்தனை நாளும் உள்ளே ஊறிக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் பின் முற்றத்தில் மணல் நிரப்பிய வாளிக்குள் குழாயின் வாயைக் குத்திப் பிடித்துக்கொண்டு, போல்டை மரக்கட்டையால் மெல்ல மெல்லத் தட்டினார். கிறீச்சென்று அது பின்னால் வந்தது.

அவர் கை நின்றுவிட்டது. "எல்லாரும் பின்னுக்குப் போங்கோ" என்றார். பிறகு விரல் நுனியால் உள்ளிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். பச்சை பிடித்த ஒரு தோட்டா. சின்ன விரலின் பாதிதான் இருக்கும்.

"இது உள்ளுக்குள்ள இருந்தது அம்மேக்குத் தெரியாதா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் அதன் அடிப்பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினார். பச்சைக் கறைக்கு நடுவே விளிம்பில் நகம் பட்டது போல ஒரு பள்ளம், அது மட்டும் பளிச்சென்று மஞ்சளாக மினுங்கியது. "இது பழைய அடையாளம் இல்லை. கிட்டடியில ஆரோ விசையை இழுத்திருக்கினம். ஊசி வந்து அடிச்சிருக்கு. வெடிக்கேல்லை, அவ்வளவுதான்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த வாங்கில் தானும் இருந்துகொண்டு, "பின், அம்மே, பின்" என்றார். சிங்களத்தில், புண்ணியம், புண்ணியம் என்று.

வாக்குமூலம் எழுதினார்கள், கூப்பிட்டால் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள், அனுப்பிவிட்டார்கள். றிஸ்வான் வழி முழுக்க ஏதோ கதைத்துக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, நீ குடும்பக் குறூப்பில் போட்ட வீடியோவைத் தேடி எடுத்தேன். பின் விறாந்தையில் நீ முக்காலியில் இருக்கிறாய். பிடிமரம் உன் வயிற்றோடு, குழாயின் வாய் நேரே வீடியோ எடுக்கிறவளைப் பார்த்தபடி. எடுக்கிறவள் வாணி. "ட்ரிகரை விடுவிச்சிட்டன், பாருங்கோ" என்று சொல்லி இழுக்கிறாய். டிக் என்று ஒரு சத்தம். "ஆ, வேலை செய்யுது!" என்கிறாய். போன் குலுங்குகிறது, ஏனென்றால் அவள் சிரிக்கிறாள். அந்த வீடியோவுக்குக் கீழே நான் பூப் படம் போட்டிருக்கிறேன். அத்தைமார் எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள்.

இப்போது அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த டிக்கில் என் உடம்பு தூக்கிப் போடுகிறது. நான் வாழ்நாளெல்லாம் கேற்றுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குப் பயந்தேன், தம்பி. பொலிஸ், ஆமி, கூட்டம், டெங்குக்காரன். வந்தது வீட்டுக்கு உள்ளேயே, நான் 'வெறும் துவக்கு' என்று சொன்ன சொல்லுக்குள் இருந்தது. இனிமேல் யார் எதை வெறுமையானது என்று சொன்னாலும், சொன்னவள் பெற்ற தாயாக இருந்தாலும், நீயே திறந்து பார்க்காமல் நம்பாதே. திறக்க முடியாவிட்டால் கை வைக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று இரண்டு மனமாக இருந்தேன். அப்பா பெட்டியை வாய்க்காலில் போட்டது உண்மையாகத்தான் இருக்கும். அவர் முழுப் பொய் சொல்லத் தெரிந்த மனிசன் இல்லை. ஆனால் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். நான் உள்ளே போன பிறகோ அதற்கு முன்னரோ, போட்டு மூடியிருக்கிறார். கேற்றை உலுக்கிய கூட்டத்துக்கு ஒரு தோட்டா எந்த மூலைக்கு? முதலில் உள்ளே வருகிறவனுக்கா? தனக்கா? அல்லது அறைக்குள், உன்னைச் சுமந்துகொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எனக்கா? அந்த நாட்களில் அப்படி யோசித்த புருஷன்மாரைப் பற்றிப் பிறகு மற்றப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். 'கை வைக்கக்கூடாது' என்று அவர் அதட்டியது பாசத்தால் அல்ல என்று இப்போது விளங்குகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே, எடுக்கவும் பயந்து, எனக்குச் சொல்லவும் பயந்து, அதற்குக் கீழேயே குளித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு காலை தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர், சொல்லாமலே போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் வெறுப்பு வரவில்லை. பயந்த மனிசன் பயந்த மனிசியைப் பயப்படுத்தாமல் வைத்திருக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த அன்பு உன்னை வந்து எந்த இடத்தில் இருத்தியது, வாணியை எந்த இடத்தில் நிறுத்தியது என்று யோசித்துப் பார்.

இந்தக் கடிதத்தை வாணிக்குக் காட்டாதே என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவளிடம் கொடு. அந்த வீடியோவையும் அவளோடு இருந்து பார், பிறகு அழித்துவிடு. அவள் பயப்படுவாள், அழுவாள், உன்னோடும் என்னோடும் சண்டை பிடிப்பாள். 'மாமி எப்படி அப்பிடிச் சொல்லலாம்?' என்று கேட்பாள். கேட்கட்டும். நான் போனை எடுத்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் அப்பா என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், சில நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு எல்லாம் ஆறியிருக்கும். அந்தச் சண்டை இன்னும் அப்படியே என்னிடம் இருக்கிறது, தம்பி. பிடிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அம்மா